மன்மதன் பீடி குடிப்பதில்லை

என் வீட்டுக்காரர் தேயிலைக்குக் கொடுத்த மரியாதையை எனக்குக் கொடுத்ததில்லை. இதைக் கோபமாகத்தான் சொல்கிறேன். சித்திரபுரத்துக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட் பாக்டரியில், இலை வாட்டும் மாடியில் அவருக்கு வேலை. தேயிலை எந்த வாசனையையும் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் ஒருவன் பீடி குடித்தால் தூளில் பீடி மணக்கும், ஒருத்தி மல்லிகை வைத்துக்கொண்டு நின்றால் மல்லிகை மணக்கும். அதனால் உள்ளே பீடி கிடையாது, பூ கிடையாது, தலைக்கு வாசனை எண்ணெய்கூடக் கிடையாது. வேலை முடியும் வரை அந்த மனிதர் பீடியைத் தொடமாட்டார். சங்கு ஊதியதும் கேட்டுக்கு வெளியே ஒரு கால் வைப்பார். மறு கால் வருவதற்குள் பீடி பற்றியிருக்கும். அங்கிருந்து லயத்துக்கு ஏறி வரும் வழியெல்லாம், பகல் முழுக்கக் குடிக்காததையும் சேர்த்துக் குடித்துவிட்டுத்தான் வாசலில் செருப்பைக் கழற்றுவார்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. லயம் என்பது வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். எங்கள் பங்குக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. அடுப்படியில் மாமியார் படுத்துக்கொள்வார். மழைக்காலத்தில் கதவைத் திறக்கவே முடியாது. கம்பளியில் பீடி, தலையணையில் பீடி. மறுநாள் மலையில் கொழுந்து எடுக்கும்போது என் கொண்டையிலிருந்தும் அதே வாடை வரும்.

அவரைப் பிடிக்காமல் இல்லை. பிடித்திருந்ததுதான் கஷ்டமே. அவர் பக்கத்தில் வருவார், மனசு அவரிடம் போகும், மூக்கு தானாக மறுபக்கம் திரும்பிக்கொள்ளும். அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ளாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார். ஒரே கம்பளிக்குள் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு விழித்துக் கிடப்போம். அந்த வயசில் அது எவ்வளவு பெரிய ஏக்கம் என்று இப்போது சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஒருநாள் கேட்டேன். "இங்கேருங்க, அந்தக் கருமத்த விட்டாத்தான் என்ன?"

அவர் சிரித்தார். "பீடி நாத்தமில்லாத ஆம்பள இந்த லயத்துல எவன் இருக்கான்? ஒருத்தனக் காட்டு புள்ள, நானும் விட்டுர்றேன்."

எவனைக் காட்ட? 

எமர்ஜென்சி நடந்துகொண்டிருந்த காலம். மாசி பிறந்து அமாவாசை கழிந்ததும் காமன் பண்டிகைக்கு ஆள் பிடித்தார்கள். மன்மதனைச் சிவன் நெற்றிக் கண்ணால் எரித்ததையும், ரதி அழுது மன்றாடி அவனை உயிரோடு திரும்பப் பெற்றதையும் எங்கள் எஸ்டேட்டில் வருஷாவருஷம் ஆடிக் காட்டுவார்கள். பௌர்ணமியன்று காமனாக நட்ட கம்பத்தை எரிப்பார்கள், மூன்றாம் நாள் மறுபடி எழுப்புவார்கள். ரதியாகவும் ஆண்தான் ஆடுவார். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஒருவர்தான் பல வருஷமாக எங்கள் ரதி. பழைய மன்மதனுக்கு மூட்டு வலி வந்துவிட்டதால் அந்த வருஷம் என் வீட்டுக்காரரைப் பிடித்துக் கையில் காப்புக் கட்டிவிட்டார்கள். காப்பு என்பது மஞ்சள் நூல்தான். ஆனால் அது கையில் இருக்கும்வரை கறி மீன் கிடையாது, கள் சாராயம் கிடையாது, பீடி கிடையாது. வீட்டுக்கு வந்து படுக்கவும் கூடாது. கோயில் கொட்டகையில்தான் படுக்கை. பெண்டாட்டி தொடக்கூடாது.

முதல் நாள் ஒத்திகை சாயங்காலம் நடந்தது. பெண்கள் நாங்கள் கொட்டகைக்கு வெளியே மேட்டில் உட்கார்ந்து பார்த்தோம். எங்கள் ஊர் ரதியும் மன்மதனும் எட்ட நின்று ஆடுவதில்லை. ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, முகத்துக்கு நேரே முகம் வைத்து, மூச்சு மேலே பட, தப்பு மேளத்தின் அடிக்குச் சுற்றி வரவேண்டும். பாக்டரியிலிருந்து வந்த வழியில் இவர் பழக்கத்தை விடமுடியாமல் பீடி குடித்திருக்கிறார். விரதத்துக்குப் பயந்து கொய்யா இலையை மென்று, கழுத்திலும் மார்பிலும் யூகலிப்டஸ் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வந்து நின்றார். ரதி கிட்டே வந்தார். ஒரு சுற்று சுற்றவில்லை, கையை எடுத்துவிட்டுப் போய்த் திண்டில் உட்கார்ந்துகொண்டார். தப்பு நின்றது.

"அண்ணே, தைலத்த மேல பூசிட்டா உள்ள இருக்கது செத்துருமா? நான் ஒங்க மூஞ்சியப் பாத்து மயங்கணும். இப்படி வந்து நின்னா நான் எந்தப் பக்கம் மூஞ்சிய வைக்க?"

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. என் வீட்டுக்காரரின் காது சிவந்துபோனதை மேட்டிலிருந்து பார்த்தேன். நானும் சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. நான் ஒரு வருஷமாக முழுசாகச் சொல்ல முடியாமல் விழுங்கியதை அந்த ஆள் ஊருக்கு நடுவில் உட்கார்ந்து எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்!

ரதியின் சட்டதிட்டங்கள் அதோடு முடியவில்லை. ஒத்திகைக்கு முன்னால் குளித்தாக வேண்டும். நேற்று கட்டிய வேட்டியை இன்று கட்டக்கூடாது. கக்கத்தில் சந்தனம் பூச வேண்டும், வாயில் ஏலக்காய் இருக்க வேண்டும், நகத்தில் தேயிலைக் கறை இருக்கக்கூடாது. வேர்த்தால் இடுப்பில் செருகிய துண்டை எடுத்து முகத்தை அந்தப் பக்கம் திருப்பித் துடைத்துக்கொள்ள வேண்டும். ரதியின் சேலையில் ஒரு சொட்டு விழக்கூடாது. ஆட்டம் தொடங்கும் முன் ரதி இவர் தாடையைப் பிடித்து, வாயை ஊதச் சொல்லி மோந்து பார்ப்பார். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஊதிக் காட்டுவார். மறுநாளிலிருந்து ஒரு பீடி கிடையாது. கேட்டுக்கு வெளியே கால் வைத்ததும் கை சட்டைப் பைக்குப் போகுமாம், பையில் ஏலக்காய் இருக்குமாம். பாக்டரியில் வேலை செய்தவர்கள் வந்து சொன்னார்கள்.

தேயிலைக்காக விட்டார், ரதிக்காகவும் விட்டார். எனக்குப் பொறாமையாக இருந்தது. மீசை எடுத்த ஓர் ஆண்பிள்ளைமேல் பொறாமைப்பட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் அவருக்குச் சோறு கொண்டுபோனது மாமியார்தான். நான் அவரைப் பார்ப்பது காலையில் குழாயடியில் மட்டும். மாசிக் குளிரில் தண்ணீர் கத்தி மாதிரி இருக்கும். அவர் நடுங்கிக்கொண்டே குளித்துவிட்டுப் படியேறுவார், நான் குடத்தோடு ஒதுங்கி நிற்பேன். முதல் தடவை அவர் என்னைத் தாண்டிப் போனபோது குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஈரத் துணி வாசனை, முந்தின நாள் ஒத்திகையில் ஒட்டிய சந்தனம், ஏலக்காய், அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று. அதுதான் அவருடைய சொந்த வாசனை என்று எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. கட்டிக்கொண்டு ஒரு வருஷம் ஆகியும் என் புருஷன் எப்படி மணப்பார் என்று எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது. கை நீட்டினால் தொட்டுவிடலாம், ஆனால் தொடக்கூடாது. குடத்தைக் குழாயில் வைத்த பிறகும், தண்ணீர் நிறைந்து வழிந்தது தெரியாமல் நின்றேன்.

அப்புறம் ஒருநாள் தைரியம் வந்து, எட்ட நின்றபடியே கேட்டேன்.

"காப்பு அவுக்குற அன்னைக்கு நேரா வீட்டுக்கு வருவீகளா?"

"பின்ன எங்க போவேன்?"

"வழியில பீடி பத்தவைக்காம வரணும். அந்த ஒரு நாள் மட்டும். மறுநா என்ன வேணும்னாலும் குடிச்சிக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. "சரி புள்ள, வாறேன்," என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ரதியும் மன்மதனும் லயம் லயமாக ஆடி வந்தார்கள். எங்கள் வாசலுக்கு வந்தபோது பக்கத்து வீட்டு அக்கா என் விலாவில் இடித்தாள். "ஏத்தா, ஒன் சக்களத்தி வாறா, வழிவிடு!" வெயிலில் கிரீடமும் கரும்பு வில்லுமாக என் வீட்டுக்காரர் வேறு யாரோ போல இருந்தார். ரதியின் தோளில் கை போட்டுச் சுற்றியபோது அவர் முகம் ரதியின் காதுப்பக்கம் போனது, ரதி கண்ணை மூடிக்கொண்டார். எங்கும் கூசாமல், எதிலிருந்தும் விலகாமல் இருவரும் ஒரே மூச்சில் சுற்றினார்கள். இப்படி ஒரு தடவை என் பக்கத்தில் வந்திருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

ஆட்டம் முடிந்ததும் வீட்டுப் பெண் மஞ்சள் தண்ணீரை இருவர் பாதத்திலும் ஊற்ற வேண்டும். ஊற்றக் குனிந்தபோது ரதி எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "மதினி, அண்ணன நல்லாத் தொவச்சு வச்சிருக்கேன். பண்டிகை முடிஞ்சதும் அப்படியே தாறேன்." நான் நிமிரவே இல்லை. தண்ணீர் பாதத்தை விட்டு வாசலெல்லாம் ஓடியது.

பௌர்ணமியன்று காமன் எரிந்தது. ரதியின் அழுகையைக் கேட்டு எல்லாப் பெண்களும் அழுதார்கள். மூன்றாம் நாள் காமன் எழுந்தது. அன்று பகலிலேயே ஆண்கள் மட்டும் ஓடைக்குப் போய்க் காப்பை அவிழ்ப்பார்கள்.

மாமியார் காலையிலேயே சேலை மாற்றிக்கொண்டு, "மாட்டுப்பட்டியில மகளப் பாத்து நாளாச்சு, நாளைக்குத்தான் வருவேன்," என்று கிளம்பிவிட்டார். குழாயடிப் பேச்சு அவர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியாது. நான் அவதி சொல்லி வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கம்பளியை அலசிக் காயப்போட்டேன், தலையணை உறையை மாற்றினேன், தலைக்குக் குளித்தேன். கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அப்படி ஒரு படபடப்பு இருந்ததில்லை.

வந்தார். நேராகத்தான் வந்தார். தலை ஈரம் காயவில்லை. வாசலைத் தாண்டி உள்ளே வருவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. சந்தனத்துக்கும் ஏலக்காய்க்கும் மேலே பீடி.

"குடிச்சிட்டீகளா?"

அவர் அங்கேயே நின்றுவிட்டார். "ஒரே இழுப்புத்தான் புள்ள. அது மொறையாம். எனக்கும் தெரியாது."

முறை என்னவென்று தட்டுத்தடுமாறிச் சொன்னார். காப்புக் கட்டிய நாளிலிருந்து ரதியும் மன்மதனும் புருஷன் பெண்டாட்டி. அந்த உறவை அறுத்துவிடாமல் வீட்டுக்குப் போனால் வீட்டில் இருக்கிறவளுக்கு ஆகாது, அவள் தாலிக்கு ஆகாது. அதனால் காப்பை ஓடையில் விட்டதும் இருவரும் ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்து, ஆணும் ஆணுமாக எழுந்து வரவேண்டும். பற்றவைத்து நீட்டியது ரதிதான். இவர் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். பெரியவர்கள் விடவில்லை. வரும் வழியில் மூன்று இடத்தில் வாய் கொப்பளித்தாராம்.

யாரை நான் திட்டுவது? என் நல்லதுக்கென்று வைத்த முறை. எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குள் அழுகையும் வந்துவிட்டது. அவர் சுவரோரம் போய் உட்கார்ந்தார். பீடிக்குக் கை போகவில்லை. ஜன்னல் வழியே கொட்டகைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டகையில் ஓலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இனி அடுத்த மாசிக்குத்தான்," என்றார் மெதுவாக.

அந்தக் குரலைக் கேட்டதும் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. நான் ஏங்கியது எனக்குத் தெரியும். அவருக்கும் ஓர் ஏக்கம் இருக்கும் என்று அதுவரை நினைத்ததில்லை. பாக்டரிக்குப் போய்ப் பீடியோடு திரும்புகிற மனிதர், கொஞ்ச நாள் மன்மதனாக இருந்திருக்கிறார். யாரும் அவரைக் கண்டு முகத்தைத் திருப்பாத நாட்கள்.

எழுந்து கதவைச் சாத்தினேன். "எனக்கு ஆடிக் காட்டுங்க," என்றேன்.

"ஒனக்கா? பீடி நாறுதே."

"நாறட்டும்."

தயங்கித் தயங்கி எழுந்து வந்தார். தப்பு இல்லை, வாயால் தாளம் போட்டார். ஒரு காலை முன்னே வைத்துக் கண்ணை மூடினார், பழகிய கை தானாக மேலே போனது. ரதி வேஷம் கட்டியவர் நல்ல உயரம். அவருடைய தோள் இருந்திருக்கும் இடத்தில் என் வீட்டுக்காரரின் கை காற்றில் நின்றது. அதற்கு ஒரு சாண் கீழே நான் நின்றேன்.

நான் குதிகாலைத் தூக்கி, அந்தக் கைக்குக் கீழே என் தோளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.