டப்பாப் பெரியப்பாவின் சாட்சி

நாலைந்து நாடு சுற்றிவிட்டு நான் வந்து இறங்கியபோது சித்தி தலையில் துணி கட்டியிருந்தாள். தையல் மெஷினை மிதித்தபடியே, "முடி போச்சுடி. எதுவும் கேக்காம உக்காரு" என்றாள்.

சித்திக்கு இரண்டு சிறுநீரகமும் ஓய்ந்து வருஷங்களாகின்றன. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மற்ற நாட்களில் திரைச்சீலை தைப்பாள். இயந்திரம் ரத்தத்தைக் கழுவும்போது சில சத்துகளும் சேர்ந்து போய்விடும் என்பதால் டாக்டர் சின்ன மாத்திரை ஒன்று கொடுத்திருந்தார்.

பெரியப்பாவுக்கு அது போதவில்லை. பெரியம்மாவின் கணவர், வைட்டமின் டப்பா விற்றே டப்பாப் பெரியப்பா என்று பேர் வாங்கியவர். சித்தியின் ரத்தப் பரிசோதனையில் அழற்சி தெரிகிறது என்று கேள்விப்பட்டதும் பையோடு வந்துவிட்டார். மெஷின் எல்லாவற்றையும் கழுவிவிடுகிறதே, அப்படியென்றால் இரண்டு மடங்காகச் சாப்பிடு என்றார். சித்தி நம்பினாள். துவைத்தால் சாயம் போகும், போனால் மறுபடி முக்க வேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த நியாயம்தான்.

ஆனால் டப்பாவிலிருந்த வைட்டமின் ஏ கழுவினால் போகிற சாயமில்லை. உடம்பிலேயே தேங்கியது. தோல் உரிந்தது, எலும்பு வலித்தது, முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. அழற்சி மட்டும் அசையவில்லை. டாக்டர் டப்பாவைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு, உடனே நிறுத்தச் சொன்னார். பெரியப்பாவோ, உள்ளே இருக்கும் விஷம் வெளியே வருகிறது, நல்ல குறிதான் என்றார்.

அதையும் சித்தி விழுங்கியிருப்பாள். ஆனால் டயாலிசிஸில் பக்கத்துப் படுக்கைக்காரரான பிளம்பர், நான் வந்த பிறகு ஒரு நாள், "உங்க அத்தான் டப்பா விக்கிற கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்காரு. அதச் சாப்பிட்டுத்தான் நீங்க தேறினீங்களாமே?" என்று கேட்டுவிட்டார்.

அந்த வியாபாரத்துக்கு விளம்பரமே கிடையாது. குணமானவர் மேடையேறிச் சொல்ல வேண்டும். சொந்தக்காரர் என்றால் இன்னும் விசேஷம். சித்தி அன்றே பெரியப்பாவுக்குப் போன் போட்டு, நானே வந்து பேசுகிறேன் அத்தான் என்று தேனொழுகச் சொன்னாள்.

"மன்னிச்சுட்டியா சித்தி?" என்றேன்.

"ஊசி குத்தணும்னா முதல்ல நூல் கோக்கணும்டி."

வாடகைக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிளம்பர். கோட்டு போட்ட பெரியப்பா, எங்கள் வீட்டு அதிசயம் என்று சொல்லி மைக்கைச் சித்தியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. தலைத்துணியை நிதானமாக அவிழ்த்து, நாலாக மடித்து, நீட்டிய அந்தக் கையில் வைத்தாள். ரவிக்கையின் நீளக் கையை முழங்கைவரை ஏற்றிவிட்டு உரிந்த தோலைக் காட்டினாள். அப்புறம்தான் மைக்கை எடுத்தாள்.

"இது டப்பா செஞ்ச வேலை. குடுத்தவரு இவரு. என் நோவு குறையல. பிடிச்சவங்க வாங்கிக்கோங்க."

முதலில் எழுந்து போனவர் பிளம்பர். நாற்காலிகள் தரையில் உராயும் சத்தத்துக்கு நடுவே பெரியப்பா மடித்த துணியோடு நின்றார். சித்தி அவர் முகத்தை ஆற அமரப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினாள்.

பெரியம்மா வந்து அழுதாள். அவரிடம் இப்போது யாரும் ஒரு டப்பாகூட வாங்குவதில்லையாம். வாயால் ஒரு வார்த்தை மன்னித்தேன் என்று சொல்லக் கூடாதா என்றாள்.

"முடி வளரட்டும்க்கா, பாக்கலாம்" என்றாள் சித்தி.

இப்போது காதை மூடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. வீட்டில் சீவி, கிளிப் குத்திக்கொண்டுதான் தைக்கிறாள். வாசலில் பெரியப்பாவின் ஸ்கூட்டர் சத்தம் கேட்டால் மட்டும் தலையில் ஒரு துணியை எடுத்துக் கட்டிக்கொள்கிறாள்.