முழங்காலுக்குப் பத்தியம்

கடந்த ஞாயிறு பூசையில் நான் முழந்தாளில் நின்றேன். இதெல்லாம் ஒரு செய்தியா என்கிறீர்களா? மூன்று மாதம் முழங்கால் வீங்கி, கோயில் வாங்கில் மூட்டை போல உட்கார்ந்திருந்தவனுக்கு இது செய்திதான்.

டொக்டர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். "நண்டு, இறால், ஈரல், கள்ளு எல்லாத்தையும் விடும். உடம்பையும் குறையும்." மட்டக்களப்பில் பிறந்தவனிடம் நண்டை விடச் சொல்வதற்கு மனிதருக்கு நல்ல துணிச்சல்.

ஆனால் விட்டேன். விட்டதை ஊருக்கே சொன்னேன். வேலை பார்க்கும் கச்சேரியில் சொன்னேன், மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னேன்... முனிவர்கள்கூடத் தங்கள் தவத்தை இவ்வளவு விளம்பரப்படுத்தியிருக்க மாட்டார்கள். கூட்டாளி சூசை கல்லடியிலிருந்து பன்புல் பை நிறைய நண்டு கொண்டுவந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பார்த்தவர்களுக்குக் கண் கலங்கியிருக்கும்.

வீட்டாருக்குக் கூப்பனுக்குக் கிடைக்கும் அரிசிச் சோறு. எனக்கோ தனி அடுப்பு, தனிச் சட்டி. விடிய குரக்கன் மாவில் ரொட்டி, பகலில் எண்ணெய் படாத கறி, பின்னேரம் கஞ்சி. கொஞ்சம் பிந்தினால், "இஞ்ச கால் நோகுது" என்று ஒரு சத்தம் — போதாதா? என் மனைவி திரேசா ஓடிவருவாள். ஓடித்தான் வருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆக, ஞாயிறு. குருவானவர் நற்கருணையை உயர்த்தும் எழுந்தேற்ற மணி அடித்தது. காலை மடக்கினேன் — மடங்கியது. பெருமை தாங்காமல், திரேசா பார்க்கிறாளா என்று பெண்கள் பக்கம் திரும்பினேன். எல்லோரும் முழந்தாளில் நின்றார்கள். அவள் மட்டும் வாங்கில் இருந்தாள்.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஏன் நீ முழந்தாள்ல நிக்கல்ல?"

"நிண்டா எழும்ப ஏலாது. ரெண்டு மாசமா இப்பிடித்தான்."

"என்னட்டச் சொல்லல்லயே?"

"உங்கட காலக் கதைச்சு முடிஞ்சாத்தானே எண்ட கால் வரும்."

மறுநாளே டொக்டரிடம் கூட்டிப் போனேன். "நான் விட்ட நண்டையெல்லாம் இவதான் திண்டவ, டொக்டர்" என்று காட்டியும் கொடுத்தேன். அவர் திரேசாவின் காலை அழுத்திப் பார்த்தார். அவளிடம் விசாரித்தார். நாள் முழுக்க இரண்டு அடுப்புக்கு முன்னால் குந்துவதும் எழும்புவதுமான கதை மெல்ல வெளியே வந்தது.

"இதுவும் சாப்பாட்டால வந்த நோதான்" என்றார் டொக்டர். "ஆனா சாப்பிட்டது அவ இல்ல, நீர்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இந்த வாரம் அடுப்படியில் குந்துவது நான். திரேசா கதிரையில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, உப்புக் காணாது, இன்னும் போடுங்க என்கிறாள்.