ஐயம்பேட்டைக்குப் போகாத ஃப்ளாப்பி

சித்தப்பா திருடுகிறார் என்று அப்பா முடிவு செய்தபோது எனக்குப் பத்து வயது. அண்ணனும் தம்பியும் சேர்ந்து காஞ்சிபுரத்தில் டிசைன் கடை வைத்திருந்தார்கள். புடவைக் கரையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, தறிக்கு வேண்டிய துளை அட்டைகளை அடித்துக் கொடுப்பது தொழில். புடவை விற்பனைக்கு வருமுன் டிசைன் வெளியே கசிந்தால், அதை வரையச் சொன்ன பட்டு முதலாளி மறுபடி எங்கள் படியேற மாட்டார்.

அப்பா காரணங்களை வரிசையாக வைத்திருந்தார். ஒன்று, சித்தப்பாவுக்குப் பெண் கொடுத்த வீடு ஐயம்பேட்டையில் பட்டு வியாபாரம் செய்தது. இரண்டு, ஊரே விண்டோஸ் வைத்திருக்க, சித்தப்பா யாருக்கும் புரியாத பழைய லினக்ஸைப் போட்டிருந்தார். மூன்று, அந்த ஃப்ளாப்பி. ஒரு நாள் சித்தப்பா அதைக் கம்ப்யூட்டரில் செருகி ஏதோ தட்டினார். கர்கர்ரென்று சத்தம் ஓய்ந்ததும் எடுத்துக் காகிதத்தில் சுற்றி மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

வேவு பார்க்கத்தான் அப்பா என்னைக் கடையில் உட்கார வைத்திருந்தார். "இன்னா படம் ஏத்தினான், பாத்தியா?"

"படமே இல்லப்பா. வெறும் எழுத்தா ஓடிக்கினு இருந்துது."

"பாரேன், மறைச்சுக்கினு ஏத்துறான்."

மறுநாள் சித்தப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனதும், அப்பா இன்னொரு சாவியால் மேசையைத் திறந்து ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு என்னோடு நெட் சென்டருக்கு நடந்தார். டிஸ்க் ஃபார்மட் ஆகவில்லை, இருப்பதை அழித்துச் செய்யட்டுமா என்று அங்கிருந்த கம்ப்யூட்டர் இங்கிலீஷில் கேட்டது. உள்ளே விட அனுமதி கேட்கிறது என்று நினைத்து அப்பா என்டரைத் தட்டினார். கடைசியில் டிஸ்க்கில் ஒன்றுமே இல்லை.

"காலி டிஸ்க்க எவனாவது பூட்டி வைப்பானா?" அப்பாவின் சந்தேகம் இரட்டிப்பானது. மறுபடி காகிதத்தில் சுற்றி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

முகூர்த்த சீசனில் ஒரு நாள் கரண்ட் போய் வந்தது, கம்ப்யூட்டர் எழவில்லை. ஒரு கல்யாணப் புடவையின் டிசைன் முழுக்க அதற்குள் இருந்தது. அட்டை வாங்க முதலாளியின் ஆள் வாசலில் நின்றார். சித்தப்பா பதறவில்லை.

"இதுக்குத்தான் ண்ணா எமர்ஜென்சி டிஸ்க் போட்டு வெச்சேன். மெஷின் படுத்துக்கினா இத்தப் போட்டு எழுப்பிடலாம்."

செருகினார். எழவில்லை. துடைத்துச் செருகினார். பிறகு அதைச் சுற்றியிருந்த காகிதத்தில் மடிப்பு மாறியிருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா தெருவைப் பார்த்தார். சித்தப்பா வாலாஜாபாத் பஸ் ஏறினார். அங்கே அதே லினக்ஸ் வைத்திருந்த நண்பரிடம் புது டிஸ்க் தயாரித்து, சாயங்காலம் கொண்டுவந்து போட்டார். மெஷின் எழுந்தது, டிசைன்கள் அத்தனையும் இருந்தன.

உடனே இன்னொரு பிரதி எடுத்து அப்பாவின் கையில் வைத்தார். "இது உன்கிட்டயே இருக்கட்டும் ண்ணா."

அண்ணனும் தம்பியும் ஒன்றாகிவிட்டார்கள் என்று எனக்கு நிம்மதி. அப்பா மட்டும் அதை வாங்கிய கையை மடக்காமல் நின்றார்.

அடுத்த நாளிலிருந்து சித்தப்பா பூட்டிய மேசையை விட்டுச் சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை. சித்தி கடைக்கே கொண்டுவந்தாள். இனி தினமும் சித்தி கைக் குழம்பு எனக்கும் கிடைக்கும் என்று நான் குதித்தேன்.