ஒரு காதில் டீச்சர், மறுகாதில் நான்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முப்பத்தாறு வயதில், மீசையும் தொப்பையும் வைத்துக்கொண்டு, ஐந்து வாரம் பாடுபட்டு நான் மனப்பாடம் செய்தது பெண்கள் பாட வேண்டிய குரலை. யாரும் எனக்கு எதிராகச் சூழ்ச்சி செய்யவில்லை. என் சட்டைப் பையில் தீப்பெட்டி அளவில் நீல நிற எம்பித்ரீ பிளேயர் ஒன்று இருந்தது. அதன் மேலும் குற்றமில்லை. முட்டாள்தனம் முழுக்க என்னுடையது. பங்குக்கு ஆள் கிடையாது.

சித்தூரில் எங்கள் ஆலயத்துப் பாடகர் குழுவில் அப்போது நான் நான்கு வருடமாக உறுப்பினன். உறுப்பினன் என்றால், ஆண்கள் பக்கம் கதவோரம் முதல் ஆளாக நின்று வாயசைப்பவன். குழுவை நடத்தியவர் டீச்சர். வாரநாட்களில் பள்ளியில் கணக்கு நடத்துவார், ஞாயிறன்று காலால் மிதிக்கும் பழைய ஆர்கனை வாசிப்பார். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர். ஆனாலும் அந்த ஆர்கனுக்குப் பின்னால் அவர் உட்கார்ந்துவிட்டால் ஆயரே குரலைத் தாழ்த்திக்கொள்வார். நான் சேர்ந்த அன்றைக்கே என்னைப் பாடச் சொல்லிக் கேட்டுவிட்டு, "தம்பி, வாயை மட்டும் ஆட்டு. சத்தம் வாணாம்" என்றார். ஆட்டினேன். நன்றாகவே ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "உன் குரலுதான்பா தூக்கிச்சு" என்று கை குலுக்கியவர்களும் உண்டு.

பாஸ் என்னும் ஆண்களின் அடிக்குரலுக்கு எங்களிடம் இருந்தவர் ஒரே ஒரு அண்ணன். அந்த வருடம் அக்டோபரில் அவருக்குக் குப்பம் ஊருக்கு மாற்றல் வந்தது. டீச்சர் அப்போதுதான் தாமே மெட்டமைத்த கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றை நான்கு குரலுக்கும் பிரித்து எழுதி முடித்திருந்தார். மூன்றாவது வரிக்கு முன் எல்லாரும் நிறுத்த வேண்டும், நான்கு தட்டு மௌனம், பிறகு பாஸ் மட்டும் தனியாக எழ வேண்டும். எழத்தான் ஆள் இல்லை. "பாஸ் இல்லாம இதை எடுக்க மாட்டேன். போன வருசப் பாட்டையே ஒரே குரல்ல பாடிட்டுப் போலாம்" என்று சொல்லிக் காகிதங்களை மடித்தார். மடிப்பை நகத்தால் இரண்டு முறை நீவினார். அதைப் பார்த்ததும், நான்கு வருடம் சும்மா அசைந்த என் வாய், "நான் பாடறேன் டீச்சர்" என்று சத்தம் போட்டுச் சொல்லிவிட்டது.

குழு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "டிசம்பர் மொத ஞாயிறு கேப்பேன். சரியில்லன்னா பாட்டு கெடையாது."

எனக்குத் திருப்பதியில் வேலை. போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பேருந்து. கைப்பேசியில் பாட்டுக் கேட்பது எல்லாருக்கும் வாய்க்காத காலம் அது. திருப்பதி பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில் அந்த பிளேயரை வாங்கினேன். அதற்குத் திரை கிடையாது, பொத்தானை அழுத்தினால் அடுத்த பாட்டு, அவ்வளவுதான். டீச்சர் நான்கு குரலையும் ஆர்கனில் தனித்தனியாக வாசித்து நான்கு பதிவாக ஏற்றித் தந்தார். எது எவருக்கு என்று சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை; பெண்களின் மேல்குரலில் தொடங்கிப் படிப்படியாக இறங்கி பாஸில் முடிவதுதான் எங்கும் வழக்கம். பாடியவனுக்கு அது தெரிந்திருக்கும். வாயசைத்தவன் என்ன கண்டான்? ஆண்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் நான்தான் முதல் ஆள், ஆகவே முதல் பதிவு என்னுடையது என்று தீர்மானித்தேன். மற்ற மூன்றையும் அழித்துவிட்டுச் சினிமாப் பாட்டு ஏற்றிக்கொண்டேன். மெட்டு உச்சாணிக் கொம்பில் இருந்தது. என் தொண்டைக்கு ஏற்ப இறக்கிப் பாடினேன். நான்கு தட்டு மௌனம் அதில் எட்டாக இருந்தது; பாஸ் தனியாக எழும் நேரமும் அதில் சேர்த்தி என்பது எனக்கு உறைக்கவில்லை. நான் மூச்சு வாங்கட்டும் என்று டீச்சர் இரக்கப்பட்டிருக்கிறார் என நெகிழ்ந்தும் போனேன்.

இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடுகிறவனுக்குத் தான் எவ்வளவு சத்தமாகப் பாடுகிறோம் என்பது தெரியாது. சந்திரகிரி தாண்டியதும் ஒரு நாள், மலையிலிருந்து மொட்டையடித்துத் திரும்பிக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் என் தோளைத் தொட்டு, "ஏமய்யா, ஒண்ட்லோ பாகலேதா?" என்று கேட்டு எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினார். நடத்துனர் முன்னாலிருந்தே, "ஒடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, சாருக்குப் பாட்டு வந்துகினு கீது" என்றார். பழத்தை வாங்கிக்கொண்டேன். பாட்டை விடவில்லை.

டிசம்பர் முதல் ஞாயிறு வந்தது. நெஞ்சை நிமிர்த்திப் பாடினேன். பெண்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்; திறமை கண்டு வியக்கிறார்கள் என்று இன்னும் ஓங்கினேன். ஆர்கன் நின்றது.

"தம்பி, தப்பில்லாமத்தான் பாடுற. ஆனா அது இவங்க குரலு."

மேல்குரல் வரிசையிலிருந்த ஓர் அக்கா, "எங்க வரிசைக்கே வந்துடு தம்பி, வெள்ளைப் பொடவை ஒண்ணு எடுத்துத் தரேன்" என்றார். ஆலயமே அதிர்ந்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்காவிட்டால் அழ வேண்டியிருந்திருக்கும். சிரிப்பு அடங்கியதும் டீச்சரிடம் போய், "மூணு வாரம் கீது டீச்சர். பாஸை மட்டும் ஏத்திக் குடுங்க" என்றேன். அவர் பிளேயரை வாங்கிக்கொண்டார். "இந்த வாட்டி நானே எண்ணுறேன். நீ எந்தப் பக்கத்துலருந்து எண்ணுவேன்னு சொல்ல முடியாது."

மறுநாள் பிளேயர் திரும்பி வந்தபோது அதில் ஒரே ஒரு பதிவு இருந்தது. ஆர்கனின் அடிச்சுரம், அதன்மேல் அவர் குரல்: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. சினிமாப் பாட்டுகளை அவரே அழித்திருந்தார். இந்த முறை ஒரு காதில் மட்டும் செருகிக்கொண்டேன். மறு காதில் பேருந்தின் இரைச்சலும் அதற்குள் என் குரலும். நான்கு வருடம் வாயசைத்தவனுக்குத் தன் குரலே அந்நியம்தான். முதல் வாரம் யாரோ பக்கத்து இருக்கையில் முனகுவதுபோல் இருந்தது. இரண்டாம் வாரம் அது நான்தான் என்று பிடிபட்டது. தினமும் நான்கு மணி நேரம். மூன்றாவது வரியில் மட்டும், நாலு வரும்வரை பொறுக்கமாட்டாமல், மூணிலேயே பாய்ந்துவிடுவேன். மறுபடி பொத்தான், மறுபடி ஒண்ணு. உதடு வெடித்தது, இருமல் வந்தது. விடுவதாக இல்லை.

கிறிஸ்துமஸ் காலை ஆராதனையில் எல்லாரும் நிறுத்தினார்கள். மௌனம். ஒண்ணு. ரெண்டு. மூணு. எழுந்துவிட்டேன். ஒரு தட்டு முன்னால், தன்னந்தனியாக, ஆலயம் முழுக்கக் கேட்கும்படி. டீச்சர் தலையைத் திருப்பவில்லை. கால் மட்டும் அழுந்த மிதித்தது; ஆர்கன் என்னைப் பிடித்துக்கொண்டது. பாட்டு விழவில்லை, நான்கு குரலிலும் கடைசிவரை நின்றது. வெளியே வரும்போது என்னைத் தாண்டிப் போன டீச்சர் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "கேட்டுச்சு."

பாராட்டா, திட்டா? அடுத்த கோடையில் கணவரின் வேலை மாறி அவர் வேலூருக்குப் போய்விட்டார். கேட்கத் துணிவு வரவில்லை. இப்போது குழுவில் என்னோடு இன்னும் இரண்டு பாஸ். பயிற்சிக்கு எல்லாம் கைப்பேசிதான். போன வாரம் மேசை இழுப்பறையைக் குடைந்தபோது நீல பிளேயர் அகப்பட்டது. கிளிப் உடைந்து ரப்பர் பேண்டு போட்டிருந்தது. மின்னூட்டினேன், உயிர் வந்தது: ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஒரு காதில் செருகிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடி, கைப்பேசியில் பதிந்து டீச்சருக்கு அனுப்பினேன். கூடவே ஒரு பக்கத்துக்கு எழுதினேன்: அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிறகு இன்றுவரை ஒரு ஞாயிறுகூட வாயை வெறுமனே அசைத்ததில்லை என்றும், அன்றைக்கு அவர் சொன்ன ஒற்றை வார்த்தைக்கு என்ன பொருள் என்று இப்போதாவது சொல்ல வேண்டும் என்றும்.

நீலக் குறிகள் விழுந்தன. பாட்டின் நீளம் அளவுக்குக் காத்திருந்தேன். பதில் வந்தது.

"மூணாவது வரி. இன்னும் முந்துற."