தலையணைக்கு அடியில் நீலம்

அறுபதுகளில் நாங்கள் தீவில், ஹேடோ துறைமுகத்தை ஒட்டி, அப்பாவின் அலுவலகக் குடியிருப்பில் இருந்தோம். கடல் தாண்டியும் அப்பாவை ஏழரைச் சனி விடவில்லை என்பது அம்மாவின் கட்சி. நீலக்கல் போட்டால் மெயின்லேண்டுக்கு மாற்றல் வந்துவிடுமாம். அவளுடைய நச்சரிப்பில், ஊரிலிருந்த மாமா கப்பலில் வந்த ஒருவரிடம் மோதிரத்தைக் கொடுத்தனுப்பினார்.

நீலத்தை எடுத்த எடுப்பில் போட்டுக்கொள்ள மாட்டோம். மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்துப் பார்ப்போம். கெட்ட கனவு வந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்வார். எங்களுக்கோ கடை கடலுக்கு அந்தப் பக்கம். கொண்டுவந்தவர் நாலாம் நாள் அதே கப்பலில் திரும்புகிறார். அதற்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

அப்பா ஜன்னல் கண்ணாடியில் கல்லால் ஒரு கோடு இழுத்து, "அசல்தான்" என்றார். மூன்றாம் நாள் காலை, சவரம் செய்துகொண்டே என்னிடம் மட்டும் சொன்னார்.

"கனவுல தண்ணிக்குள்ள நின்னு உங்களைக் கூப்புடுறேன், யாருக்கும் கேக்கல. அம்மாகிட்ட சொல்லாத பாப்பா. இப்பத்தான் சிரிச்சிட்டிருக்கா. இதைத் திருப்பி அனுப்பிட்டா, வேற கல்லு எந்த ஜஹாஸ்ல வருமோ."

நான் சொல்லவில்லை. கப்பல் போனது, அப்பா மோதிரத்தைப் போட்டுக்கொண்டார். மாற்றலும் வந்தது, இன்னொரு தீவான பாராடாங்குக்கு. அங்கே காய்ச்சல் கண்டு, போட்டில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மோதிரத்தை அம்மாதான் கழற்றினாள்.

அந்தக் கல்லின் மேல் இருந்த கோபத்தில்தான் நான் ஜியாலஜி படித்தேன் போலிருக்கிறது. நீலமும் மாணிக்கமும் குருந்தம் என்ற ஒரே தாது. கடினத்தில் வைரத்துக்கு அடுத்தது. துளி குரோமியம் சேர்ந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். எதுவும் சேராவிட்டால் நிறமே கிடையாது. இதையெல்லாம் அம்மாவிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வருஷக்கணக்காகக் கேட்டதையே மறுபடி கேட்டாள்.

"அந்த மூணு நாள்ல அப்பா ஏதாச்சும் கனவு கண்டாரா?"

"இல்லம்மா. நல்லாத்தான் தூங்கினாரு."

அம்மா பெட்டியைத் திறந்து மோதிரத்தை என் கையில் வைத்தாள். "அப்ப கல்லு மேல பழியில்ல. நமக்கு ஒத்துக்கிட்ட கல்லுதான். உன் மகளுக்குப் போடு."

என் மகள் ஆசையோடு விரலை நீட்டினாள். இரும்பு, டைட்டானியம் என்று மனதுக்குள் எத்தனை முறை சொல்லியும் என் கை எழவில்லை. "சைஸ் பெருசும்மா" என்று மழுப்பினேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கனவைப் பற்றிக் கேட்கவே இல்லை.