தொட்ட சாரியெல்லாம் விற்றுப்போன காலை

மருதமுனைச் சாரி விற்கும் என் ராத்தாவுக்கு நான்தான் இணையக் கடை செய்து கொடுத்தேன். இன்று காலை பெருநாள் விற்பனை தொடங்கியதுமே போன் அடித்தாள்.

"தம்பி, எல்லாச் சாரியும் முடிஞ்சு எண்டு காட்டுது. ஒருத்தரும் வாங்கல்லியே!"

புதிதாகச் சேர்க்கும் சாரிகளின் 'வாங்கு' பட்டன் வேலை செய்யவில்லை என்று, நேற்றுத்தான் முழுப் பட்டியலுக்கும் தொடுவதைக் கவனிக்கும் ஒரே லிசனர் போட்டிருந்தேன். தொட்டது பட்டனா என்று பார்க்கும் வரியை எழுத மறந்துவிட்டேன். படத்தைத் தொட்டாலும் சாரி விற்றுப்போகிறது என்று ராத்தாவிடம் சொன்னேன்.

"தொட்டுப் பாக்காம ஆருடா சாரி எடுப்பா? தொட்டதெல்லாம் வாங்கினதா?"

அந்த வரியைச் சேர்த்தேன்.

இப்போதுதான் உறைக்கிறது. பட்டனுக்குள்ளே ஒரு குட்டிப் பைப் படம் இருக்கிறது. எல்லாரும் அதைத்தான் தொடுவார்கள். நான் எழுதிய வரிக்கோ அது பட்டன் இல்லை; இனி அதைத் தொட்டால் ஒரு சாரியும் விற்காது.

ராத்தாவின் போன் மறுபடி அடிக்கிறது. யாராவது எடுத்துக் கதைக்கிறீர்களா?