கணேசபாண்டியன் பிடித்த லைன்

தாராவியில் லைன் இல்லாமல் ஒரு நாள் விடியாது. குழாயடியில் குடத்தை வைத்து லைன் போட வேண்டும். கக்கூஸுக்கும் லைன் உண்டு. ரயிலில் செம்பூருக்கு ஹார்பர் லைன், முலுண்டுக்கு சென்ட்ரல் லைன். புதிதாக வந்தவனிடம் எந்த லைனில் இருக்கிறாய் என்று கேட்டால் அவன் தொழிலைச் சொல்ல வேண்டும். மீசை அரும்பியவன் வேலையில்லாமல் தெருமுனையில் நின்றால் அதற்கும் லைன் என்றுதான் பெயர். அதில் அடி விழும்.

சைக்கிளில் இட்லி விற்பவர்களுக்கு லைன் என்றால் அவரவர் விற்கும் தெருக்கள். ஒருவன் லைனில் இன்னொருவன் ஹாரன் அடிக்கக் கூடாது. மீறினால் மறுநாள் தெருவில் எந்தக் கிரைண்டரும் அவனுக்கு மாவு அரைத்துக் கொடுக்காது.

கணேசபாண்டியனுக்குச் சொந்த லைன் கிடையாது. அவர் பத்லி. கோயில் கொடைக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்குப் போகிறவன் திரும்பி வரும்வரை தன் லைனை அவரிடம் விட்டுப் போவான். எல்லோரும் அவரையே தேடி வந்ததற்குக் காரணம் அவருடைய சட்னி. தண்ணீராக ஓடும், உப்புக் கரிக்கும். நல்ல சட்னி அரைக்கிற பத்லியிடம் விட்டால் வாடிக்கை அவன் பக்கம் சாய்ந்துவிடும். கணேசபாண்டியனிடம் விட்டால், பழைய ஆள் எப்போது வருவான் என்று ஜனம் ஏங்கும்.

அவர் மனைவி கோமதியம்மாள் அரைத்தால் விரலைச் சப்பத் தோன்றும். அதனாலேயே அவளைச் சட்னிப் பக்கம் விடமாட்டார். ஆனால் மழைக்காலத்தில் யாரும் ஊருக்குப் போவதில்லை. அவருக்கும் வேலை இருக்காது. இந்தச் சித்திரையில் கோமதியம்மாள் பொறுமை இழந்தாள்.

"சாவுற வரைக்கும் அடுத்தவன் லைன்லயே சைக்கிள் மிதிக்கப் போறியளா? சொந்தமா ஒரு லைன் பிடிங்க. இல்லன்னா இனிமே இட்லியும் நீங்களே அவிச்சுக்கிடுங்க."

இட்லியும் அவர் கைக்கு வந்தால் பத்லி வேலையும் போய்விடும். அது அவருக்கே தெரியும்.

அந்த வாரம் இசக்கிதுரை தன் செம்பூர் லைனை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போனான். அவன் தெருக்களுக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் புதிதாக ஒரு அடுக்குமாடி டவர். வாட்ச்மேன் விரட்டுவான் என்று இசக்கிதுரை அங்கே போனதே இல்லை. யாரும் விற்காத இடம் முதலில் ஹாரன் அடித்தவனுக்குச் சொந்தம்.

மறுநாள் சைக்கிளில் இரண்டு தூக்குவாளிகள் தொங்கின. நீல மூடியில் அவர் அரைத்தது, சிவப்பு மூடியில் கோமதியம்மாள் அரைத்தது. இசக்கிதுரையின் தெருக்களில் நீல மூடியை மட்டுமே திறந்தார். அங்கே விற்று முடித்ததும் டவர் கேட்டுக்குப் போய், சிவப்பு மூடியைத் திறந்து முதல் தட்டை வாட்ச்மேனிடம் நீட்டினார். அதற்குப் பிறகு விரட்ட ஆளில்லை.

ஊரிலிருந்து திரும்பிய இசக்கிதுரையை வாடிக்கைக்காரர்கள் சூழ்ந்துகொண்டு, இத்தனை நாளும் உப்புத் தண்ணீரில் இட்லி தின்றதாக முறையிட்டார்கள். அவனுக்கு உச்சி குளிர்ந்தது. அண்ணாச்சியைப் போல ஒரு பத்லி பம்பாயிலேயே கிடையாது என்று நினைத்து நிமிர்ந்தவன் காதில் எதிர்ப்பக்கத்து ஹாரன் விழுந்தது. டவர் கேட்டில் கூட்டம். நடுவில் கணேசபாண்டியன்.

சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ரோட்டைத் தாண்டினான்.

"என்ன அண்ணாச்சி, என் லைன்லயே கை வச்சிட்டியளே."

"ஒன் லைன் ரோட்டுக்கு அந்தப் பக்கம்லா. அங்க ஒருத்தனுக்காவது நான் நல்ல சட்னி ஊத்திருக்கனா? போய்க் கேளு."

கேட்கத் தேவையில்லை. இப்போதுதான் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

"நாளைக்கு என் வாடிக்கை ஆளுக தாண்டி வந்தா?"

கணேசபாண்டியன் சைக்கிளின் மறுபக்கத்தைக் காட்டினார். நீல மூடித் தூக்குவாளி அங்கேயே தொங்கியது.

"அவுகளுக்குன்னு இதத் தனியா அரைச்சிக் கொண்டாரேன்."

இசக்கிதுரை மூடியைத் திறந்து ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்தான். முகம் கோணியது. நிம்மதியாகத் தன் பக்கத்துக்குத் திரும்பினான்.

கோமதியம்மாளுக்கு ஒரே குறை, நீல மூடிக்கும் தேங்காய் வீணாகிறதே என்பது. இப்போது அவர் அதில் தேங்காய் போடுவதையே நிறுத்த வைத்துவிட்டாள். இசக்கிதுரைக்கு இதில் பரம திருப்தி.